ஆளு பத்தலன்னு எழுதுத மருமவனுக்கு

மருமவனே, ஆளு பத்தாமப் போனா என்ன செய்யணும்னு திட்டம் எழுதுத வேலைய ஆபீஸ்ல ஒன் தலையில கட்டிட்டாவன்னு ஒங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம். அந்தத் திட்டத்த எழுதுததுக்கே ஆளு பத்தாமத்தான் அது ஒங்கிட்ட வந்து சேந்திருக்குமோன்னு எனக்கு ஒரு சம்சயம். மூஞ்சியத் தூக்காத. கடல்ல மாட்டுனவனத் தேடிக் கொண்டாருத வேலைக்குக் கரையில ஆளு கொறஞ்சா என்ன கெதின்னு, காத்து அடிக்கதுக்கு முன்னாலயே ஒருத்தன் ஒக்காந்து யோசிக்கான்னா அது நல்ல காரியந்தான். மாமன் படிச்சது அஞ்சாப்பு. அதனால தைரியமா புத்தி சொல்லலாம். தப்பாப் போனா எங்கிட்ட யாரும் விளக்கம் கேக்க மாட்டாவ.

மொதல்ல திட்டத்தக் கனமா எழுது. நாப்பது பக்கத்துக்குக் கொறஞ்சா பெரிய சாரு கையில எடுக்க மாட்டாரு. நாப்பதுக்கு மேல போனா படிக்க மாட்டாரு. ரெண்டும் ஒனக்கு நல்லதுதான். அட்டையில ஒரு கப்பல் படம் போடு. உள்ள கட்டம் கட்டமா வரஞ்சு ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு அம்புக்குறி விடு. ஆளே இல்லாத கட்டத்துக்கும் ஒரு அம்புக்குறி போவட்டும், பாவம், அதுக்கும் ஆசை இருக்கும்லா. நடுப்பக்கத்துல, “பணியாளர் பற்றாக்குறை ஏற்படும் பட்சத்தில் கூடுதல் பணியாளர்கள் உடனடியாக ஈடுபடுத்தப்படுவார்கள்” அப்படின்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும். அது இல்லாம ஒரு திட்டமும் கையெழுத்து ஆவாது. கஞ்சிக்கு அரிசி இல்லன்னு வந்து நின்னவகிட்ட, அப்போ சோறா வடிச்சித் தின்னுன்னு சொன்ன கத அது. ஆளு இல்லங்கதுதான கேள்வி? ஆளக் கூட்டுன்னு பதில் எழுதிட்டு டீ குடிக்கப் போயிருதாவ.

இதெல்லாம் முடிச்சிட்டு, பின்னட்டைக்கு உள்பக்கமா கொஞ்சம் எடம் கெடந்தா, நான் சொல்லுதத எழுது.

நம்ம நாட்டுப் பொறுப்புல தேடி மீக்க வேண்டிய கடலு 46 லட்சம் சதுர கிலோமீட்டர்னு ஒங்க காயிதமே சொல்லுது. நாட்டோட தரை மொத்தமே 33 லட்சத்தத் தாண்டாது. 1979-ல ஜெர்மனியில ஆம்பர்க் பட்டணத்துல கூடி ஒரு ஒப்பந்தம் போட்டாவ: கடல்ல ஒருத்தன் மாட்டுனா அவன் எந்த நாட்டுக்காரன், எதுக்கு வந்தான்னு கேக்காமத் தூக்கணும், எந்தக் கடலுக்கு யாரு பொறுப்புன்னு பேசிப் பிரிச்சுக்கிடணும். நாமளும் பொறவு அதுல சேந்தோம். 1978-ல சட்டம் போட்டு நிறுத்துன கோஸ்ட் கார்டுதான் இங்கன இதுக்குத் தலை. மும்பை, சென்னை, போர்ட் பிளேர்னு மூணு பெரிய மையம், அதுக்குக் கீழ கரை நெடுவச் சின்ன மையம், அவசரத்துக்கு 1554. அந்தப் பயலுவ படுத பாடு எனக்குத் தெரியும், அவியளக் கொற சொல்ல வாய் வராது. ஆனா இம்புட்டுத் தண்ணிக்கும் ஆளு போட்டு நெரப்ப எந்த ராசாவாலயும் ஆவாது. அதனால ஆளு பத்தாதுங்கது என்னைக்கோ ஒருநாள் வரப்போற ஆபத்துன்னு எழுதாத. அதுதான் தெனசரி நெலவரம். அதுக்கும் மேல கொறயித நாளுக்குத்தான் நீ எழுதணும்.

அந்த நாளு எப்ப வரும்னு சோசியம் பாக்க வேண்டாம், காலண்டரப் பாரு. நம்ம பக்கம் புயலு அடிக்கது ஐப்பசி, கார்த்திக, மார்கழி. தீவாளி எப்போ? ஐப்பசி. கிறிஸ்மஸ் எப்போ? மார்கழி. மிச்சமிருக்க லீவ டிசம்பர் 31-க்குள்ள எடுக்காட்டி வீணாப் போவும்னு ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணா அப்ளிகேசன் போடுதது எப்போ? அப்பத்தான். கடலு பேயாட்டம் ஆடுத மாசமாப் பாத்து கரையக் காலி பண்ணுத ஏற்பாடு யாரு மூளையில உதிச்சுதோ, கையெடுத்துக் கும்பிடணும். 2017-ல ஒக்கி வந்தது நவம்பர் 30-ஆம் தேதி. கோட்டாத்துல சவேரியார் திருவிழா நடந்துக்கிட்டு இருந்த நேரம். திருவிழா முடியட்டும்னு புயலு நிக்கல. பழைய லீவு ரிஜிஸ்டரையும் புயலு வந்த தேதியளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ஒன் திட்டத்துல பாதி அங்கனயே கெடக்கும். அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் லீவ முறை வச்சுப் பிரி. தீவாளிக்குப் போனவன் கிறிஸ்மஸுக்கு இருக்கட்டும், கிறிஸ்மஸுக்குப் போறவன் தீவாளிக்கு இருக்கட்டும். இதுக்கு ஐஏஎஸ் படிக்க வேண்டாம். ரெண்டு மருமவளுவள ஒரே வீட்டுல வச்சிருக்க எந்த மாமியாரும் சொல்லிக் குடுப்பா.

ஒக்கியப் பத்தி இன்னொண்ணு உண்டு, அதுல வெளையாட்டு கெடையாது. அது காத்தழுத்தமா இருந்து புயலா மாற நேரமே எடுக்கல. தங்கல் வள்ளக்காரன் அதுக்குப் பல நாளைக்கு முந்தியே ஆழக்கடலுக்குப் போயாச்சு. கரையிலேந்து விஎச்எஃப் செட்டுல கூப்பிட்டா அந்தத் தூரத்துக்குச் சத்தம் எட்டாது. தப்பிச்சவன் லட்சத்தீவுல ஒதுங்குனான், மகாராட்டிரத்துல ஒதுங்குனான், குசராத்துல ஒதுங்குனான். மத்தவனத் தேடி கப்பலும் பிளேனும் ஒருபக்கம் போச்சு. நம்ம ஆளுவ கரையில நின்னு, “அங்கன இல்ல சார், அவனுவ மீன் புடிக்க பாடு கெடக்கது இன்னும் வெலங்க, இப்ப நீரோட்டம் இழுக்கது இந்தப்பக்கம்”னு தொண்ட கிழியக் கத்துனாவ. கேக்க ஆளு இல்லாமப் போவவும், வள்ளக்காரனே சொந்தமா டீசல் ஊத்திக்கிட்டு எறங்கிப் போனான். பொறவுதான் மீனவனயும் கப்பல்ல ஏத்தி வழிகாட்டக் கூட்டிட்டுப் போனாவ. நல்ல காரியம், மறுக்கல. ஆனா அந்த யோசன வந்து சேர எடுத்த நாளு இருக்கே, அத்தன நாளும் மரக்கட்டையப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தவனுக்கு என்ன ஆயிருக்கும்? எந்த ஊரு ஆளு, எந்தத் துறையில ஏறணும், யாரு போன் போட்டுக் கூப்பிடணும்னு நாலு வரி ஏற்கெனவே ஒரு காயிதத்துல இருந்திருக்கணும். நீ எழுதப்போறது அந்த நாலு வரியத்தான். மிச்சம் முப்பத்தொம்பதரைப் பக்கமும் அலங்காரம்.

இப்ப ஒன் ரூமுக்குள்ள வா. ராத்திரி மூணு மணி. 16-ஆம் சேனல்ல செட்டு கரகரங்கு. ஒரு குரலு வருது, பாதி காத்து, பாதி பேச்சு. இஞ்சின் நின்னுட்டு, தண்ணி ஏறுது, ஏழு பேரு இருக்கோம். ஜிபிஎஸ்ஸப் பாத்துப் பொசிசன் சொல்லுதான். அதுல ஒரு நம்பரக் காத்து கொண்டு போயிருது. ரூம்ல மூணு பேரு இருந்தா, ஒருத்தன் செட்டுல காத வச்சு அவன விடாமப் பேச வைப்பான். ஒருத்தன் சார்ட்டுல புள்ளி குத்துவான். ஒருத்தன் எந்தக் கப்பல அனுப்ப, அந்தப் பக்கம் போற சரக்குக் கப்பல் எதுன்னு பாத்து முடிவெடுப்பான். ரெண்டு பேருன்னா, புள்ளி குத்துதவனே முடிவும் எடுக்கணும். ஒத்த ஆளுன்னா, போன எடுக்கும்போது செட்டு கத்தும், செட்ட எடுக்கும்போது போன் அடிக்கும், ரெண்டயும் எடுத்தா நோட்டுல எழுதக் கையி இருக்காது. எழுதாத வள்ளத்த, விடிஞ்சு முறை மாத்த வாரவன் எங்கன போயித் தேடுவான்? அது போக, அவன் ஒண்ணுக்கும் போவணும், மருமவனே. ஒங்க நாப்பது பக்கத்துல எங்கயாவது மனுசன் ஒண்ணுக்குப் போவான்னு ஒரு வரி இருக்கா?

ஐதராபாத்துல இன்காய்ஸ்னு ஒரு நிலையம் இருக்குல்லா, அவிய ஒரு கணக்கு வச்சிருக்காவ. கடைசியாப் பாத்த எடம், நேரம், தொலஞ்சது வள்ளமா ஆளான்னு குடுத்தா, காத்தும் நீரோட்டமும் எங்கன தள்ளியிருக்கும்னு கம்ப்யூட்டர் வரஞ்சு காட்டும். நல்ல சாமான். எங்க காலத்துல பெரியாளுவ நீவாடுன்னு நீரோட்டத்தப் பாத்து வெரல மடக்கிச் சொன்னதுதான்; இப்ப கலர்ல வருது. ஆனா அந்த நேரத்த ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தன் கேட்டு, சரியா எழுதியிருக்கணும்லா? ஒரு மணி நேரம் தப்பா எழுதுனான்னா தேடுத எடம் அங்கனயே தப்பிப் போச்சு. அதனால ஆளு கொறயும்போது எத நிறுத்தணும்னு இன்னைக்கே எழுதி வச்சுக்க. ரோந்தக் கொற. கூட்டத்துக்கு ஆளு அனுப்புதத நிறுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் படகு காட்டுதத நிறுத்து. மந்திரி வந்தா வரிச நிக்கதயும் நிறுத்து. இத மட்டும் பென்சில்ல எழுது. கேக்குத காதுலயும் எழுதுத கையிலயும் மட்டும் கொறைக்காத. எத விடப்போறோம்னு சொல்லாத திட்டம், எல்லாத்தயும் விடப்போற திட்டம்.

மெசினு வந்துட்டே மாமா, இனி ஆளு எதுக்குன்னு நீ கேப்ப. ஒன் சாரும் கேப்பாரு. ஒரு லட்சம் வள்ளத்துல டிரான்ஸ்பாண்டர் மாட்டுத திட்டத்த 2024 ஆகஸ்டு 30-ஆம் தேதி மகாராட்டிரத்துல பால்கர்ல வச்சு பிரதமர் தொடங்கி வச்சாரு. இஸ்ரோக்காரன் செஞ்சு குடுத்த வித்த. செட்டு எட்டாத தூரத்துலேந்தும் ஆபத்துன்னு பொத்தான அமுக்கலாம். வேணும், ஒக்கியில அது இல்லாத கொற எங்களுக்குத் தெரியும். ஆனா மெசினு கூப்பிடும், எந்திரிச்சுப் போவாது. முந்தி காதுல விழாமப் போன கூப்பாடெல்லாம் இனி ஒன் மேசைக்கு வரும். கை தவறி அமுக்குனதும் வரும், பிள்ளைய வெளையாட்டுக்கு அமுக்குனதும் வரும், ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டு நெசமான்னு கேக்கணும். மெசினு வந்ததால ஆளு கொறைக்கலாம்னு எவனாவது ஒன் திட்டத்துல ஒரு வரி செருகுனா, அந்த வரிய மை கொட்டி அழி.

வெள்ளக்காரன் நாட்டுல இதெல்லாம் ஒழுங்கா நடக்கும்னு நெனச்சிராத. 2021 நவம்பர் 24. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல உள்ள கடல்ல, காத்தடச்ச ரப்பர் வள்ளத்துல குடியேற வந்தவிய மூழ்கிப் போனாவ. கொறஞ்சது 27 பேரு உசுரு போச்சு. இங்கிலாந்துப் பக்கம் டோவர்ல உள்ள மீட்பு மையத்துல அன்னைக்கு ராத்திரி ஆளு போதலன்னு விசாரணயில வெளிய வந்துச்சு. மேலேந்து பாக்கவேண்டிய பிளேனு வானிலை சரியில்லன்னு பறக்கல. ஒரே ராத்திரியில பல வள்ளத்துலேந்து போன் வந்து, எது எந்த வள்ளம்னு கொழம்பி, வேற ஆளுவளத் தூக்கிட்டு, தேடுன வள்ளத்தத்தான் தூக்கியாச்சுன்னு நெனச்சிட்டாவ. ஒரு மையத்துல ஆளு கொறஞ்சா நாட்டுல உள்ள மத்த மையமும் சேந்து பாத்துக்கிடணும்னு அங்கன ஏற்பாடு இல்லாம இல்ல. இருந்தும் நடந்தது இது. அதனால பக்கத்து மையம் கைகொடுக்கும்னு நீ எழுதுனா அதோட நிறுத்தாத. எத்தன போன் வந்தா, எத்தன மணிக்கு, யாரு வாயால கேக்கணும், கேட்டா எந்த வேலைய அவியகிட்டத் தள்ளணும்னு எழுது. தண்ணிக்குள்ள தலை முங்குன பொறவு பக்கத்து மையத்து நம்பரத் தேடக் கூடாது.

அமெரிக்கக்காரன்கிட்ட ஒரு நல்ல கொணம் பாத்தேன். 2023-ல அவன் கோஸ்ட் கார்டுல பத்துல ஒரு பங்கு எடம் காலி. ஆளு சேர மாட்டேங்கான். அத அவன் மூடி மறைக்கல. பத்து கப்பல வேலைக்கு அனுப்பாம நிறுத்தி, சின்ன நிலையம் சிலத மூடி, இனி பக்கத்து நிலையம் பாத்துக்கிடும்னு வெளிப்படையா அறிவிச்சான். ஊர்க்காரன் ஏசுனான். ஏசட்டும். வாராத படகு வரும்னு நம்பிக் கெடக்கவனுக்கு அந்த ஏச்சு எவ்வளவோ மேலு. இங்கிலாந்துலயும் ஆர்என்எல்ஐன்னு 1824-லேந்து ஒரு தர்ம ஸ்தாபனம் இருக்கு. உசுருகாக்குத படகுல போறவன்ல பெரும்பாலும் சம்பளமில்லாதவன். கடக்காரன், வாத்தியாரு, மெக்கானிக்கு. பேஜர் அடிச்சா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடுவான். பகல்ல எல்லாரும் வெளியூரு வேலைக்குப் போயிட்டா ஆளு சேராது. கடக்கரையில வீட்டு வெல ஏறிப் போனதுல ஓடிவாற தூரத்துல எளவட்டம் குடியிருக்கவும் முடியல. அப்படி ஆளு சேராட்டி, எங்க படகு இப்ப எறங்காதுன்னு முன்கூட்டியே சொல்லிருதாவ. ரெண்டு பக்கத்து நிலையமும் அத மனசுல வச்சுக்கிடும். நம்ம பக்கம்? நான் எந்த ஆபீஸையும் சொல்லல, நீயா எதையும் நெனச்சுக்காத. இஞ்சின் கழட்டுன படகு வேப்பமரத்தடியில கெடந்தாலும் ரிஜிஸ்டர்ல “நல்ல நிலையில் உள்ளது”. அதுல ஆடு படுத்திருக்கதால, ஒருவகையில உண்மைதான்.

ஆளு மட்டுமில்ல, சாமானும் கொறயும். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி, போர்பந்தருக்கு வெளிய எண்ணெய்க் கப்பல்ல அடிபட்டுக் கெடந்தவனத் தூக்கப் போன கோஸ்ட் கார்டு ஹெலிகாப்டர் கடல்ல விழுந்துச்சு. நாலு பேர்ல ஒருத்தர்தான் தப்புனாரு. நாலு மாசங்கழிச்சு, 2025 ஜனவரி 5, அதே போர்பந்தர், அதே ரகம், மூணு பேரு போனாவ. பொறவு அந்த ரகம் ஹெலிகாப்டரெல்லாம் மாசக்கணக்காத் தரையில நின்னுச்சு. பறக்கத் தெரிஞ்ச ஆளு இருந்தும் ஏற வண்டி இல்ல. தேடப் போறவனும் பெத்தவளுக்குப் பிள்ளதான். இத எழுத ஒங்க ஆபீஸ் பாசையில வார்த்த இருந்தா எழுது. ரெண்டு முறை தொடந்து முழிச்சவன மூணாவது முறைக்கு நிறுத்தாத. அவனுக்கு வீரன்னு சர்டிபிகேட்டு குடுக்காத. வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லு. தூக்கக் கலக்கத்துல ஆறுக்கு எட்டுன்னு ஒரு நம்பர மாத்தி எழுதுனா, ஒரு கப்பலே வேற தெசைக்குப் போவும்.

ஒத்திகைன்னு ஒண்ணு வைக்கியல்லா, அதப் பாக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு ஒருத்தனுக்குக் காய்ச்ச வராது. ஒருத்தன் பொண்டாட்டிக்கும் பிரசவம் வராது. எல்லாப் படகும் ஓடும், எல்லா செட்டும் பேசும், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு நிக்கும். கடலு கூட அன்னைக்குக் குளமாக் கெடக்கும், ஏன்னா காத்து அடிச்சா ஒத்திகையத் தள்ளி வச்சிருவிய. என் பேச்சக் கேட்டா, அடுத்த ஒத்திகைக்கு எல்லாரும் வந்து நின்ன பொறவு, ஒரு குடத்துல பேரெழுதிப் போட்டு, சீட்டு குலுக்கு. பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பு. அந்தச் சீட்டுல பெரிய சாரு பேரும் இருக்கணும், மறந்துராத. மிச்சம் நிக்கவன வச்சு, தொலஞ்ச வள்ளத்தத் தேடச் சொல்லு. சாவி யாருகிட்ட இருக்குன்னே தெரியாம அர மணி நேரம் போவும், பாரு. அந்த அர மணி நேரத்த அப்படியே எழுது. அதுக்குப் பதில் போட்டன்னா அதுதான் ஒன் திட்டம்.

கடைசியா எங்க ஆளுவ விசயத்துக்கு வாரேன். “உள்ளூர் மீனவர்களின் ஒத்துழைப்பு பெறப்படும்”னு நீ எழுதியிருப்ப. எழுதாம இருக்க மாட்ட, பரம்பர வியாதி அது. பெறப்படும்னா யாரு பெறுவா? எத்தன மணிக்கு? நாங்க வராம இருந்ததில்ல. 2018 ஆகஸ்டுல கேரளத்துல வெள்ளம் வந்தப்போ கடலு வள்ளத்த லாரியில ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள போயி ஆளத் தூக்குனவன் மீனவன். 2023 டிசம்பர்ல தாமிரவருணி பொங்கி தூத்துக்குடி மாவட்டம் முங்குனப்பவும் வள்ளம் போச்சு. கூப்பிட்டும் வருவோம், கூப்பிடாமலும் வருவோம். கூப்பிடாம வந்தா ஆளுக்கொரு தெசையில போவோம்; தேடப்போனவனயும் சேத்துத் தேட வேண்டி வரும். அதுக்காகத்தான் பேரு எழுதச் சொல்லுதேன். ஒவ்வொரு ஊருலயும் எந்த வள்ளம் ராத்திரியில எறங்கும், அத ஓட்டுத ஸ்ராங்கு யாரு, கூட மடிக்காரன் யாரு, அவனுக்கு எந்தப் பாடு அத்துப்படின்னு எழுதி, வருசா வருசம் திருத்து. மூணாவது வருசம் பாத்தா அதுல பாதிப் பேரு வளைகுடாவுக்குப் போயிருப்பான், அதையும் எதிர்பாத்துக்க.

பயிற்சிக்கு நேரமில்லன்னு சொல்லாத. கெழக்க ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும், மேக்க ஜூன் 1-லேந்து ஜூலை 31 வரைக்கும் தடைக்காலம். 61 நாளு விசைப்படகுக்காரன் கரையில சீட்டு வெளையாடுதான். அப்ப கூப்பிட்டு செட்டுல எப்படிப் பேசணும், தண்ணி குடிச்சவன் நெஞ்ச எப்படி அமுக்கணும்னு சொல்லிக் குடு. ஒலகம் பூராவும் கப்பல்ல வச்சிருக்க மீட்புப் புத்தகத்துல, மொதல்ல போய்ச் சேந்த கப்பல்தான் பொறுப்பான கப்பல் வாரவரைக்கும் அங்கன தல ஏத்து நடத்தணும்னு இருக்கு. அது எங்க ஸ்ராங்குக்கும் தெரியட்டும். வெரட்டாம சொல்லிக் குடுத்தா படிச்சிருவான். ஒக்கிக்குப் பொறவு கேரளத்துல மீனவக் குடும்பத்துப் பிள்ளையள கடலோர வார்டனா எடுத்தாவ. நம்ம பக்கமும் மீனவப் பயலுவளுக்கு நேவியிலயும் கோஸ்ட் கார்டுலயும் சேரப் பயிற்சி குடுக்காவ. நல்லது. ஆனா நீந்தத் தெரிஞ்சவனச் சேத்த பொறவு, தேருக்கும் ஊர்வலத்துக்கும் பந்தோபஸ்து நிறுத்தாம இருக்கணும்.

பொம்பளையளயும் எழுது. எந்த வள்ளம் திரும்பலன்னு மொதல்ல தெரியது ஒங்க ரேடாருக்கு இல்ல. ஏலக்கூடத்துல கூடையோட நிக்கவளுக்குத்தான். இன்னாரு வள்ளம் இன்னும் அடையலன்னு அவ வாயிலேந்து வந்து, கோயிலு மணி அடிச்சு, ஊரு கூடி, பொறவுதான் ஒங்களுக்குப் போன் வருது. அந்த நடுவுல போற நேரத்த மிச்சம் புடிக்கணும்னா, ஏலக்கூடத்துல நாலு பேருக்கு நேரா ஒங்க ரூமு நம்பரக் குடு. ஆனா அவ போன் போட்டா, “ஆதார் நம்பர் சொல்லுங்கம்மா”ன்னு தொடங்காத.

அப்புறம் துட்டு. கேரளத்துல வெள்ளத்துக்குப் பொறவு வள்ளத்துக்கு நாளைக்கு 3,000 ரூவாயும் டீசலும்னு அறிவிச்சாவ. அது வெள்ளம் வடிஞ்ச பொறவு யோசிச்சது. நீ காத்து அடிக்கதுக்கு முன்னாலயே எழுது: தேடப் போற வள்ளத்துக்கு டீசல் யாரு ஊத்துவா, வல அறுந்தா என்ன குடுப்பிய, ஆளுக்கு ஒண்ணு ஆயிட்டா இன்சூரன்ஸ் உண்டா. பில்ல யாருகிட்டக் குடுக்கணும்னு பேரும் மேச நம்பரும் போடு. “உரிய அதிகாரியிடம் சமர்ப்பிக்க வேண்டும்”னு எழுதுனியோ, நான் நேர்ல வந்து அந்தப் பக்கத்தக் கிழிப்பேன். உரிய அதிகாரின்னு ஒருத்தர எங்க கடக்கரையில இன்னும் யாரும் பாத்ததில்ல. வாத்தியாருன்னு சிலபேரு சொல்லுதாவ, தாசில்தாருன்னு சிலபேரு சொல்லுதாவ.

எங்க ஊரு பட்டியல்ல என் நம்பர அஞ்சாவதாப் போடு. கண்ணு மங்கிட்டு, ஆனா நீவாடு சொல்லுவேன். போன் ஒங்கத்தகிட்டத்தான் கெடக்கும். அவ எடுத்தா மாமா சொகமான்னு கேட்டு நேரத்தப் போக்காத, யாரு வள்ளம், எத்தன பேரு, கடைசியா எப்பப் பேசுனான்னு அவளே கேப்பா. கேட்ட வரிசையில பதில் சொல்லு.